கள்ளி மொட்டு உதிருது, யாராவது வழி சொல்லுங்க

வணக்கம். எங்க ஊர் ராமேஸ்வரத்துக்கு முன்னாடி வர்ற மண்டபம் பக்கம், கடல் அரைக் கிலோமீட்டர்தான். மொட்டை மாடியில பிளாஸ்டிக் ஷீட் கூரை போட்டு, சுத்தி பச்சை வலை கட்டி இருபது தொட்டி உருண்டைக் கள்ளி வச்சிருக்கேன்.

மார்கழி, தையில தண்ணியை நிறுத்தினேன். மாசி பிறந்ததும் மாமில்லேரியா வகைக் கள்ளியில தலையைச் சுத்தி வளையமா ரோஸ் பூ, அவ்வளவு அழகு. பிரச்சினை ஜிம்னோகாலிசியம்ங்கிற இன்னொரு வகையிலதான். முள்ளே இல்லாத வழுவழு மொட்டு பட்டாணி அளவு வருது, அப்புறம் நுனி மஞ்சளாகி, தொட்டா உதிருது. இதுவரை ஒன்பது போச்சு.

மாவுப்பூச்சி இல்லை, லென்ஸ் வச்சே பார்த்துட்டேன். மத்தியானம் உள்ளே 41 டிகிரி. போர் தண்ணி உப்பு; மண்ணு மேல வெள்ளையாப் பூத்திருக்கு (அது மட்டும் தவறாம பூக்குது!). மழைத்தண்ணி ஒரு டிரம் மிச்சம் இருக்கு.

குளிர்ல ஓய்வு எடுத்தாத்தான் நல்லா மொட்டு வைக்கும்பாங்க. நம்ம பக்கம் வாடைக்காத்து ராத்திரியிலகூட 20 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். அதனால காயப்போட்டுத்தான் ஓய்வு கொடுத்தேன்.

உதிர்றது சூட்டாலயா, உப்பாலயா, இல்லை ஓய்வு முடிஞ்சதும் திடீர்னு நிறைய தண்ணி விட்டதாலயா? ஷீட்டைக் கழட்டிடலாமா? கடலோரத்துல வளர்க்கிறவங்க சீக்கிரம் சொல்லுங்க, அடுத்த மொட்டு கடுகு அளவுல எட்டிப் பார்க்குது.