1/200 மானிட்டர் கப்பல்: ஹல் முறுக்கிக்கொண்டது, காப்பாற்ற வழி உண்டா?

பாலாறு_1915 எழுதியது:

வணக்கம். 1/200 அளவில் நான் செய்யும் கப்பல் மாடலின் ஹல் (கப்பலின் உடற்பகுதி) வேலை பாதியில் நிற்கிறது. கிட் (தயார் பாகங்கள் கொண்ட பெட்டி) இல்லாமல் பிளாஸ்டிக் ஷீட் வெட்டிக் கப்பல் செய்து பழகியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

கப்பல் கற்பனைதான், ஆனால் வேர் நிஜத்தில் இருக்கிறது. பிரேசிலுக்காக விக்கர்ஸ் கட்டிய மூன்று ஆற்று மானிட்டர்களை (ஆழமில்லாத நீரில் பெரிய பீரங்கியோடு போகும் போர்க்கப்பல்கள்) 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை தானே வாங்கிக்கொண்டு ஹம்பர், மெர்சி, செவர்ன் என்று ஆறுகளின் பெயரை வைத்தது. அடுத்த மாதமே, செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் குரூசர் (வேகமான போர்க்கப்பல்) எம்டன் சென்னைக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்த மானிட்டர் வரிசையில் நான்காவதாக ஒரு கப்பல் இருந்து, எம்டன் கிளப்பிய பீதியில் அதைச் சென்னைக்கு அனுப்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதுதான் என் 'பாலாறு'.

நிஜக் கப்பல்கள் 266 அடி 9 அங்குல நீளம், 49 அடி அகலம். 1/200-ல் நீளம் 40.6 செ.மீ., அகலம் ஏழரை செ.மீ. வருகிறது. நீருக்குள் இருந்தது சுமார் 1.7 மீட்டர்தான், மாடலில் எட்டரை மி.மீ. அதாவது தட்டையான, அகலமான, ஆழமே இல்லாத ஹல்.

அடிப்பகுதிக்கு 1 மி.மீ. ஹிப்ஸ் (ஒரு வகை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) ஷீட் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். அக்ரிலிக் கடைகளில் கிடைக்கும் சால்வென்ட்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவம்) பிரஷ்ஷால் முழுப்பரப்பிலும் தடவி அழுத்தி வைத்தேன். அதன்மேல் 2 மி.மீ. ஷீட்டில் குறுக்குத் தடுப்புகள், பிறகு பக்கத் தோல். வலப்பக்கம் முழுவதும் முடித்துவிட்டு இடப்பக்கம் ஒட்டினேன். ஒட்டிய அன்று நேராகத்தான் இருந்தது. இப்போது மேஜையில் வைத்தால் முன்பக்க வலது மூலை 4 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. கையால் அழுத்தினால் படிகிறது, விட்டால் எழும்பிவிடுகிறது. பக்கத் தோலில் விளக்கு வெளிச்சம் சாய்வாகப் பட்டால் உள்ளே இருக்கும் தடுப்புகள் எல்லாம் வரிவரியாகத் தெரிகின்றன. டெக் இன்னும் மூடவில்லை.

இதைச் சரிசெய்யலாமா, புதிதாகத் தொடங்க வேண்டுமா?

இரண்டாவது கேள்வி: நிஜக் கப்பல்களின் பின்பக்கத்தில் இருந்த இரண்டு ஹவிட்சர்களை (குண்டை உயரத் தூக்கி எறியும் குட்டைப் பீரங்கி) எடுத்துவிட்டு ஒரே ஒரு 9.2 அங்குலப் பீரங்கி வைக்க ஆசை. இவ்வளவு சின்னக் கப்பலில் அது நம்பும்படி இருக்குமா?

உப்புத்தாள் எழுதியது:

தூக்கி எறியாதீர்கள் தம்பி. டெக் மூடாமல் கேட்டது நல்லதாகப் போயிற்று. மூடியிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். ஹல்லின் மேல் விளிம்பில், முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து பாருங்கள். தச்சர்கள் பலகையில் கோட்டம் பார்க்கும் முறைதான். இரண்டு ஸ்கேலும் ஒன்றுக்கொன்று சாய்ந்து தெரிந்தால் முறுக்கு. சாயாமல், நடுப்பகுதி மட்டும் மேஜையை விட்டு எழும்பியிருந்தால் வளைவு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

அப்புறம், மூன்று ஷீட்டையும் ஒட்டி எவ்வளவு நாள் கழித்துத் தடுப்புகளை வைத்தீர்கள்? தடுப்புகளில் ஓட்டை போட்டிருக்கிறீர்களா?

பாலாறு_1915 எழுதியது:

பார்த்துவிட்டேன் சார். இரண்டு ஸ்கேலும் நன்றாகச் சாய்ந்து தெரிகின்றன, முறுக்குதான். ஒட்டிய மறுநாளே தடுப்புகளை வைத்துவிட்டேன். ஓட்டை எதுவும் இல்லை, ஒவ்வொரு அறையும் தனித்தனியாக அடைபட்டிருக்கிறது.

உப்புத்தாள் எழுதியது:

அப்படியானால் காரணம் தெளிவு. முழுப்பரப்பில் சால்வென்ட் தடவி ஷீட்டை ஷீட்டோடு ஒட்டும்போது ஓரம் முதலில் காய்ந்து மூடிக்கொள்ளும். நடுவில் மாட்டிய திரவத்துக்கு வெளியே போக வழி கிடையாது. அது பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறி, வாரக்கணக்கில் மெதுவாக வெளியேறும். வெளியேற வெளியேற ஷீட் சுருங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு சுருங்காது என்பதால் அடிப்பகுதி இழுபடும். அதோடு வலப்பக்கத் தோலை முழுவதும் முடித்துவிட்டு இடப்பக்கம் போனதால், வலப்பக்கம் சுருங்கும்போது எதிர்ப்பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. இரண்டு இழுப்பும் சேர்ந்துதான் முறுக்கு.

தோலில் தெரியும் வரிகளும் இதே வகைதான். தடுப்பின் விளிம்பில் சால்வென்ட் தேங்கி, தோலை அந்த இடத்தில் மட்டும் மென்மையாக்கி உள்ளே இழுத்திருக்கிறது. மற்ற இடம் அப்படியே நிற்கிறது.

இனி செய்ய வேண்டியது. முதல் வேலை, ஒவ்வொரு தடுப்பிலும் 4, 5 மி.மீ. ஓட்டை போடுங்கள். அடிப்பகுதியில், உள்பக்கமாக மேல் ஷீட்டை மட்டும் துளைத்து, அறைக்கு நாலைந்து சின்ன ஓட்டை. மாட்டியிருக்கும் ஆவி போக வழி வேண்டும். துளைக்கும்போது மூக்கை அருகில் வைத்தால் இன்னும் வாடை வரும், அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்த ஆவி உடம்புக்கு நல்லதல்ல. வாடை முழுவதும் நிற்கும்வரை வேறு எந்த வேலையும் வேண்டாம். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடாதீர்கள், இருக்கும் முறுக்கு இன்னும் கூடும்.

காயும் காலம் முழுவதும் ஹல் ஒரு சமதளத்தில் கட்டுண்டு இருக்க வேண்டும். மரப்பலகையை நம்ப முடியாது, அதுவே கோணும். கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு வெட்டி மிஞ்சிய துண்டு கேளுங்கள், பாலிஷ் போட்ட பக்கம் இந்த வேலைக்குப் போதிய சமம். அதன்மேல் ஹல்லை வைத்து கிளாம்ப் போடுங்கள். ஆனால் சமமாக மட்டும் அழுத்தினால் போதாது, விட்டதும் கொஞ்சம் திரும்பி எழும்பும். முன்பக்கம் எழும்பியது வலது மூலை, ஆகவே முன்பக்க இடது மூலைக்கு அடியில் 2 மி.மீ. துண்டு ஒன்றைச் செருகி, வலது மூலையைக் கல்லோடு அழுத்துங்கள். எதிர்த்திசையில் லேசாக முறுக்கி வைக்கிறோம்.

இப்போது முக்கியமான இடம். உங்கள் ஹல் கையால் அழுத்தினால் படிகிறது என்றீர்கள். அது படியத்தான் செய்யும், ஏனென்றால் மேலே திறந்த பெட்டி. மூடியில்லாத செருப்புப் பெட்டியை இரண்டு முனையிலும் பிடித்துத் திருகினால் துணி மாதிரி வளையும். மூடியை நான்கு பக்கமும் ஒட்டிவிட்டுத் திருகிப் பாருங்கள், அசையாது. கப்பலிலும் டெக்தான் அந்த மூடி. ஹல் நேராகக் கட்டுண்டு இருக்கும்போதே டெக்கை ஒட்டிவிட்டால் அந்த நிலையிலேயே நின்றுவிடும். முறுக்கோடு ஒட்டினால் அந்த முறுக்கும் நிரந்தரம்.

ஆகவே வாடை நின்றதும் செருகிய துண்டை எடுத்துவிட்டு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நேராக வந்திருந்தால் கல்லில் மறுபடி கட்டி, டெக் மட்டத்தில் தடுப்புக்குத் தடுப்பு 2 மி.மீ. பட்டைகளைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகக் கொடுங்கள். அரால்டைட்டால் (இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் எபாக்ஸி பசை) ஒட்டுங்கள். இனி இந்த ஹல்லுக்குள் சால்வென்ட்டே போகக் கூடாது. அதன்மேல் டெக், அதுவும் அரால்டைட்தான். பீரங்கிக்கும் படிக்கட்டுக்கும் வேண்டிய ஓட்டைகளை முன்கூட்டியே டெக்கில் வெட்டாதீர்கள். ஒட்டிக் காய்ந்த பிறகு வெட்டுங்கள். ஓட்டை இல்லாத மூடிக்குத்தான் முழுப் பலம்.

டெக் மூடுவதற்கு முன் பீடத்தில் மாட்ட வேண்டிய நட்டுகளை உள்ளே வைத்துவிடுங்கள். எம்-சீலில் பதித்தால் போதும்.

தோலில் உள்ள வரிகளுக்கு என்.சி. புட்டி வேண்டாம். அதில் தின்னர் இருக்கிறது, திரும்பவும் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும், காய்ந்தால் தானும் சுருங்கும். கார் டிங்கரிங் கடையில் ஹார்டனர் கலந்து போடும் பேஸ்ட் புட்டி வாங்குங்கள். வரிகளுக்கு நடுவில் உள்ள மேடுகளைத் தேய்த்து இறக்கப் பார்க்காமல், பள்ளத்தில் மட்டும் மெல்லிசாக நிரப்புங்கள். உப்புத்தாளை விரலில் பிடித்துத் தேய்த்தால் பள்ளத்தோடு பள்ளமாகத்தான் போகும். 20 செ.மீ. நீள அலுமினியப் பட்டையில் ஒட்டி, நீளவாக்கில் தேயுங்கள்.

அலைவாய்க்கரை எழுதியது:

ஹல்லைப் பற்றி உப்புத்தாள் சார் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி அது.

கற்பனைக் கப்பலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் இருந்தால் கப்பல் நிற்கும். இந்தியத் துறைமுகத்துக்கென்று ஒரு காவல் கப்பல் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது: 1870 வாக்கில் பம்பாய்க்கென்றே மக்டாலா, அபிசீனியா என்று இரண்டு கோபுரக் கப்பல்களை (சுழலும் கோபுரத்தில் பீரங்கி வைத்தவை) கட்டினார்கள். சென்னைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. உங்கள் பாலாறு அந்தக் குறையைத் தீர்க்கிறது.

9.2 அங்குலம் தாராளமாக வைக்கலாம். 1915-ல் வந்த எம்15 வகை மானிட்டர்கள் 540 டன்தான், அவற்றிலேயே ஒரு 9.2 இருந்தது. எட்கர் வகைப் பழைய குரூசர்களிலிருந்து கழற்றிய பீரங்கிகள் அவை. உங்கள் கப்பல் 1,260 டன். தவிர, வேகமாக ஓடும் குரூசரை ஹவிட்சரால் அடிக்க முடியாது, அது கரையில் அசையாமல் இருக்கும் இலக்குக்கானது. சென்னையைக் காக்க வரும் கப்பலில் ஹவிட்சரை எடுத்ததற்கு அதுவே காரணம் ஆகிவிடும்.

ஆனால் காலக்கணக்கைக் கவனியுங்கள். எம்டனை 1914 நவம்பர் 9 அன்றே கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி முடித்துவிட்டது. பழைய 9.2 கிடைப்பதோ 1915-ல். ஆக, உத்தரவு போட்டது பீதியில், கப்பல் வந்து சேர்ந்தது பீதி அடங்கிய பிறகு என்று கதையை வையுங்கள். கடற்படைகளில் அப்படி நடப்பது சகஜம்தான்.

நிஜக் கப்பல்களின் முன்பக்கத்தில் இருந்த, இரண்டு 6 அங்குலப் பீரங்கி கொண்ட கோபுரத்துக்கும் இதில் ஒரு பலன் உண்டு. செவர்னும் மெர்சியும் பெல்ஜியக் கரையில் சுட்டுச் சுட்டுக் குழல் தேய்ந்து, கோபுரத்தை எடுத்துவிட்டு முன்னும் பின்னும் ஒற்றை 6 அங்குலம் வைத்துக்கொண்டன. உங்கள் கப்பல் பெல்ஜியம் போகவில்லை, எனவே அசல் கோபுரம் அப்படியே இருக்கலாம்.

இன்னொன்று. இந்தக் கப்பல்களால் பெருங்கடலைத் தாமாகக் கடக்க முடியாது. 1915-ல் மால்டாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் ரூஃபிஜி ஆற்றுக்கு, ஜெர்மன் குரூசர் கோனிக்ஸ்பெர்க்கை அடிக்க, இழுவைக் கப்பல்கள் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனார்கள். பாலாறும் அப்படித்தான் வந்திருக்கும். எனவே அணியத்தில் (கப்பலின் முன்முனை) தடிமனான இழுவைக் கயிறு கட்டும் பொல்லார்டுகளை (குட்டைத் தூண்கள்) கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள்.

லேத்_பட்டறை எழுதியது:

பீரங்கிக் குழலுக்கு லேத்து வேண்டாம், மெடிக்கல் ஷாப்புக்குப் போங்கள். 6 அங்குலத்தின் துளை 1/200-ல் 0.76 மி.மீ. புதிய 18 கேஜ் ஊசியின் உள்விட்டம் 0.84, வெளிவிட்டம் 1.27. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அந்தப் பீரங்கி 50 காலிபர், அதாவது துளையின் விட்டத்தைப் போல் 50 மடங்கு நீளம்; துளை நீளம் 38 மி.மீ. வருகிறது. ஒன்றரை அங்குல ஊசியும் அதே நீளம்தான். 9.2-க்குத் துளை 1.17 மி.மீ., 16 கேஜ் ஊசியின் உள்விட்டம் 1.19. எட்கர் காலத்துக் குழல் குட்டை, ஆனால் தடிமன். அதனால் அடிப்பக்கம் மெல்லிய தாளைப் பசை தடவிப் படிப்படியாகச் சுற்றிப் பருமன் ஏற்றுங்கள்.

கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வாய் நசுங்கிவிடும். ஊசியைப் பலகையில் உருட்டிக்கொண்டே முக்கோண அரத்தால் சுற்றிலும் கோடு போட்டு, பிறகு ஒடியுங்கள். கூர்முனையை முதல் வேலையாக அரத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

பாலாறு_1915 எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. உப்புத்தாள் சார் சொன்ன மாதிரியே அடிப்பகுதியைத் துளைத்ததும் வாடை குப்பென்று வந்தது, இத்தனை நாள் கழித்தும். அது நிற்கும்வரை கிரானைட்டில் கட்டி வைத்திருந்தேன். பெருக்கல் பட்டை, நட்டு, டெக் எல்லாம் முடிந்தது. கிளாம்ப்பை எடுத்துவிட்டு ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கோடு. மேஜையில் வைத்தால் மூலைக்கு அடியில் ஒரு தாள்கூட நுழையவில்லை. கையில் எடுத்துத் திருகினாலும் இப்போது அசையவில்லை. 9.2-க்கான வட்டத்தைக் காய்ந்த பிறகுதான் வெட்டினேன். ஹவிட்சர்கள் போய்விட்டன, பொல்லார்டுகள் பெரிதாகிவிட்டன.

கொடிமரக் கயிறுகளுக்கு மெல்லிய தங்கூசி (மீன்பிடி நைலான் இழை) வாங்கி வைத்திருக்கிறேன். பீடத்துக்குத் தேக்குப் பலகை. நட்டு நான்கு மூலையிலும் பதித்திருக்கிறேன். பலகை மழைக்காலத்தில் கோணினால் ஹல்லையும் சேர்த்து இழுக்குமா?

உப்புத்தாள் எழுதியது:

இழுக்கும். நான்கு நட்டையும் முடுக்காதீர்கள். பின்பக்கம் இரண்டு, முன்பக்கம் இரண்டில் ஒன்று, ஆக மூன்றே ஸ்க்ரூ. மூன்று புள்ளியில் நிற்கும் பொருளைப் பலகை எப்படிக் கோணினாலும் முறுக்க முடியாது. முன்பக்க ஸ்க்ரூவுக்கு ஒரு ரப்பர் வாஷர் கொடுத்து, கையால் இறுகும் அளவோடு நிறுத்திவிடுங்கள். தங்கூசியை மட்டும் பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு கட்டுங்கள், ஸ்ப்ரே பட்டால் அதில் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும்.