மெக்சிகோ சந்தையில் விற்கும் "ஆஸ்டெக் மூலிகை": எது நிஜமாகவே பழசு?

வயிற்றுவலிக்காரன் கேட்டது:

மெக்சிகோ நகரத்துக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் தெருக்கடையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் சுருண்டு கிடந்தேன். வீட்டுக்கார அம்மா சாம்பல் பூத்த மாதிரி இருந்த ஒரு கொத்து இலையைக் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் கொடுத்தார். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு, காது வரைக்கும் ஏறியது. பெயர் எஸ்தாஃபியாத்தே, மெஷிக்கா, அதாவது ஆஸ்டெக் காலத்து மருந்து என்று பெருமையாக வேறு சொன்னார். மறுநாள் வயிறு சரியாகிவிட்டது. தானாகவே சரியாகியிருக்கவும் கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆர்வத்தில் சனிக்கிழமை சொனோரா சந்தைக்குப் போனேன். மூலிகைக்கென்றே வரிசையாகக் கடைகள். ஒரு கடைக்காரர் சர்க்கரைக்கு இது, இதயத்துக்கு அது, புற்றுக்கு இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனார், எல்லாமே "ஆஸ்டெக் வைத்தியம்" தானாம். என் சந்தேகம் இதுதான்: ஸ்பானியர்கள் வந்து ஏடுகளையெல்லாம் கொளுத்திவிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் எது அந்தக் காலத்து மருந்து, எது நேற்று கட்டிய கதை என்று இன்றைக்கு யாரால் சொல்ல முடியும்? அப்புறம், அதில் ஏதாவது உண்மையிலேயே வேலை செய்யுமா?

ஏட்டுச்சுரைக்காய்:

நல்ல கேள்வி. எரித்தது உண்மை, ஆனால் எரித்த கையோடு எழுதியும் வைத்தார்கள், அதுதான் வேடிக்கை. ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் விழுந்தது 1521. சரியாக 31 வருஷம் கழித்து, 1552-ல், இப்போது நீங்கள் இருக்கும் அதே ஊரின் ட்லாடெலோல்கோ பகுதியில் பாதிரிமார்கள் நடத்திய சாந்தா குரூஸ் கல்லூரியில் ஒரு மூலிகைப் புத்தகம் தயாரானது. சொன்னவர் மார்த்தீன் தெ லா குரூஸ் என்ற நாவா வைத்தியர் (நாவா என்றால் ஆஸ்டெக்குகளின் நாவாத் மொழி பேசுகிறவர்கள்), லத்தீனில் மாற்றியவர் ஹுவான் பாதியானோ, அவரும் உள்ளூர்க்காரர்தான், சோச்சிமில்கோவில் பிறந்தவர். ஸ்பெயின் ராஜாவுக்குக் காணிக்கையாகப் போன அந்தப் புத்தகம் கடைசியில் வத்திக்கான் நூலகத்தில் போய் முடங்கி, 1929-ல்தான் வெளி உலகம் அதைக் கண்டுகொண்டது. 1990-ல் போப் இரண்டாம் ஜான் பால் அதை மெக்சிகோவுக்கே திருப்பிக் கொடுத்தார்.

படங்களைப் பாருங்கள், இணையத்தில் கிடைக்கின்றன. செடியை வேரோடு வரைந்திருப்பார்கள், சில வேர்களைச் சுற்றி ஒரு வினோதமான உருண்டை இருக்கும். அது அலங்காரம் இல்லை, நாவாத் சித்திர எழுத்தில் "கல்" என்பதன் குறி. அதாவது இந்தச் செடி கல்லாங்காட்டில் வளரும் என்று வேரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். லத்தீன் மட்டும் படித்த ராஜாவுக்கு அது என்ன புரிந்திருக்குமோ.

ஆனால் இதை அப்படியே "சுத்தமான ஆஸ்டெக் வைத்தியம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிரிமார் கண்முன், ராஜாவைக் குஷிப்படுத்த எழுதியது. அதனால் தெய்வம், மந்திரம், குறி பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பதிலும் தமாஷ் உண்டு: இடி விழுந்தவனுக்கு மருந்து இருக்கிறது, அரசுப் பதவியில் இருந்து களைத்துப்போனவர்களுக்கென்றே தனியாக ஒரு மருந்து இருக்கிறது. அந்த இரண்டாவதை இன்றைக்கும் விற்கலாம்.

இது தவிர சாகுன் பாதிரியார் நாவா வைத்தியர்களிடமே கேட்டு எழுதிய பன்னிரண்டு பாகத் தொகுப்பு ஒன்று ஃப்ளோரன்ஸில் இருக்கிறது, அதில் 10, 11-ம் பாகங்கள் உங்களுக்கு வேண்டியவை. மூன்றாவது, ராஜ வைத்தியர் எர்னாந்தெஸ் 1570 முதல் 1577 வரை அலைந்து சுமார் 3000 செடிகளைப் பதிவு செய்தது. அவருடைய மூலப் பிரதிகள் 1671-ல் ஸ்பெயினின் எஸ்கொரியால் அரண்மனைத் தீவிபத்தில் போய்விட்டன. நல்லவேளை, பிரதியெடுத்ததும் சுருக்கியதும் தப்பித்தன. ஆக, ஒரு செடி இந்த மூன்றில் எதிலாவது இருந்தால் கடைக்காரர் சொல்வதில் கொஞ்சமாவது நிஜம் இருக்கிறது. உங்கள் எஸ்தாஃபியாத்தே தேறிவிட்டது, பழைய பெயர் இஸ்தாவ்யாத்ல், நம் மாசிப்பத்திரி இனம்.

பச்சிலைப்பித்தி:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் முடிவதைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். "பாத்லி" என்றால் மருந்து, "சோச்சித்ல்" என்றால் பூ. சிவாபாத்லி என்றால் பெண் மருந்து, பிரசவ வலி எடுக்கக் கொடுத்தது. யோல்லோசோச்சித்ல் இதயப் பூ, செண்பகத்தின் சொந்தக்கார மரம், மொட்டு பார்க்க இதயம் மாதிரியே இருக்கும்.

வேலை செய்யுமா என்று கேட்டீர்கள். எனக்குப் பிடித்த உதாரணம் காயத்துக்குப் போட்ட மருந்து. மகெய் என்கிற ஆனைக் கற்றாழையின் மடலைச் சுட்டுப் பிழிந்து, அந்தச் சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சி, உப்புப் போட்டு, சூட்டோடு காயத்தில் வைப்பார்கள். கேட்கும்போதே எரிகிறது, இல்லையா? ஆனால் யோசித்துப் பாருங்கள், சர்க்கரையும் உப்பும் அவ்வளவு அடர்த்தியாக இருக்கிற இடத்தில் கிருமியின் உடம்பிலிருக்கும் தண்ணீரையே அது உறிஞ்சிவிடும், ஊறுகாய் கெடாமல் இருப்பதும் இதே கணக்குதான். பரிசோதனைச் சாலையில் சீழ் பிடிக்க வைக்கும் கிருமிமேல் போட்டும் பார்த்திருக்கிறார்கள், உப்புச் சேர்த்தது இன்னும் நன்றாக வேலை செய்தது. முகத்தில் வெட்டுப்பட்டால் தலைமுடியால் தையல் போட்டார்கள் என்றும் சாகுன் தொகுப்பில் வருகிறது. போர்க்களத்துக்குப் போய்வந்த சமூகம், காயம் அவர்களுக்கு அத்துப்படி.

எபசோத்தே இன்னொன்று. கருப்பு பீன்ஸில் போடுகிறார்களே, அதேதான். குடல் புழுவுக்குக் கொடுத்தார்கள், அதிலுள்ள அஸ்காரிடோல் நிஜமாகவே புழுவைக் கொல்லும். ஆனால் அதன் எண்ணெய் மனுஷனையும் கொல்லும், அளவு மீறினால். பீன்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறுக்குச்சால்:

எல்லோரும் "வேலை செய்யுமா" என்று இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்க்கிறோம். ஓர்தீஸ் தெ மொன்தெயானோ என்று ஒரு ஆய்வாளர் 1975-ல் இதைத்தான் திருப்பிப் போட்டார். அவர்கள் கணக்குப்படி நோய்க்கு என்ன காரணம், மருந்து என்ன செய்ய வேண்டும் என்று முதலில் கேள், அதைச் செய்கிறதா என்று பிறகு பார் என்றார். தலையில் ரத்தம் கூடிப்போனதால்தான் தலைவலி என்பது அவர்கள் கணக்கு என்றால், மூக்கில் ரத்தம் வரவைக்கும் மூலிகை அவர்களைப் பொறுத்தவரை பலித்த மருந்து. அப்படி 25 செடிகளைச் சலித்ததில் 16 செடிகள் சொன்னதைச் செய்தன. சொன்னதைச் செய்தது என்றால் நோய் தீர்ந்தது என்று அர்த்தமில்லை, இந்த இடத்தில்தான் சந்தைக்காரர்கள் குட்டையைக் குழப்புவார்கள்.

இன்னொன்று, சந்தையில் கட்டுக்கட்டாகத் தொங்குவதில் கணிசமானது கப்பலில் வந்தது. சீமைச் சாமந்தி, சதாப்பு, ரோஸ்மேரி எல்லாம் ஸ்பெயின் சரக்கு. கண்ணேறு கழிக்க உடம்பெல்லாம் முட்டையால் தடவுகிறார்களே, அந்தக் கோழியே ஸ்பானியர் கொண்டுவந்ததுதான். பொய் என்று சொல்லவில்லை, ஐநூறு வருஷமாகக் கலந்துபோன வைத்தியம் அது. "ஆஸ்டெக்" என்று சீட்டு ஒட்டுவதுதான் கடுப்பாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சொவாபாத்லே என்று கட்டி விற்பதுதான் மேலே தங்கை சொன்ன சிவாபாத்லி. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது. தொலோவாச்சே என்று கொடுத்தால் வாங்காதீர்கள், அது ஊமத்தை. அந்தக் காலத்திலேயே மூட்டில் தடவத்தான் தாராளமாகப் பயன்படுத்தினார்கள், குடித்தால் பித்துப் பிடிக்கும் என்று சாகுனிடம் சொன்னதே அந்த வைத்தியர்கள்தான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டு நோபால் என்கிற சப்பாத்திக்கள்ளிச் சாறு மட்டும் குடிப்பதும் வேண்டாம்.

வயிற்றுவலிக்காரன்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அந்த 1552 புத்தகத்தின் படங்களைப் போனில் எடுத்து வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். அவர் பாட்டிக்கும் சோச்சிமில்கோதானாம், பாதியானோ பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார், பாதிக்கு மேல் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினார். கல் குறியைக் காட்டி விளக்கினேன், "அது உருளைக்கிழங்கு என்றல்லவா நினைத்தேன்" என்றார்.

ஊமத்தைப் படம் வந்ததும் மட்டும் பெயரைப் பார்க்காமலேயே "தொலோவாச்சே!" என்று கத்திவிட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, மாடியில் இருப்பவர் தன் மனைவி சொல்லுக்குத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறாரே, காப்பியில் இதைத்தான் கலந்து கொடுத்திருப்பாள் என்று விரலால் மேலே காட்டினார்.

குறுக்குச்சால்:

மாடிவீட்டில் காப்பி கொடுத்தால் குடிக்காதீர்கள்.