சுய மாதிரி எச்பிவி பரிசோதனை: சில முடிவுகள் ‘செல்லாது’ என்று வருகின்றன, எங்கே தவறுகிறது?

கேள்வி (மேல்மலை களப்பணியாளர்)

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கம் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு, பெண்ணுறுப்பிலிருந்து தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் ஸ்வாப் (குச்சி) தருகிறோம். உலர் ஸ்வாப், குழாயில் திரவம் கிடையாது. ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) என்றாலே எழுந்து போய்விடுகிறவர்கள்கூட இதை வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு தொகுப்பிலும் சில முடிவுகள் ‘செல்லாது’ என்று வருகின்றன. மறுபடி எடுக்கச் சொன்னால், “அப்போ எனக்கு ஏதோ இருக்கு, மறைக்கிறீங்க” என்று பயப்படுகிறார்கள்.

50 தாண்டியவர்கள் எரிகிறது, உள்ளேயே போகவில்லை என்கிறார்கள். மழைக்காலத்தில் பஸ் நின்றுவிட்டால் மாதிரி கீழே ஆய்வகத்துக்குப் போய்ச் சேர நாள் ஆகிறது. ஐஸ் பெட்டி வேண்டுமா? எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நாங்களே எடுத்தா சரியா இருக்குமா? சிஸ்டர் எடுத்தாத்தானே சரி?”

பதில் (ஆய்வகப் பக்கத்திலிருந்து)

‘செல்லாது’ என்பதை முதலில் அவர்களுக்குப் பிரித்துச் சொல்லுங்கள். வைரஸ் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. அந்தக் குழாயை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

பிசிஆர் என்பது மரபணுவைப் பல மடங்கு பெருக்கித் தேடும் முறை. பல பிசிஆர் கிட்களில் வைரஸைத் தேடும்போதே மனித மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடுவோம், பீட்டா குளோபின் மாதிரி. அது தெரிந்தால்தான் ஸ்வாபில் அந்தப் பெண்ணின் செல்கள் போதுமான அளவு வந்திருக்கின்றன என்று பொருள். தெரியாமல் போகப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று, செல் போதவில்லை: ஸ்வாப் வாசலோடு நின்றிருக்கும், அல்லது உள்ளே விட்டுச் சுற்றாமல் உடனே உருவியிருப்பார்கள். மற்றொன்று, பிசிஆரைத் தடுக்கும் பொருள் கலந்திருக்கும்: மாதவிலக்கு ரத்தம், வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை, பூஞ்சை க்ரீம், வழுக்கு ஜெல்.

உங்கள் ஆய்வகத்திடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: “உங்கள் கிட் மனித மரபணுவைச் சரிபார்க்கிறதா?” சில கிட்களில் சரிபார்ப்புக்கு ஆய்வகத்திலேயே ஒரு செயற்கை மரபணுவைக் கலந்துவிடுவார்கள். அது வேதிவினை ஓடியதா என்று மட்டும் காட்டும். அப்படிப்பட்ட கிட்டில் வெறும் ஸ்வாப் வந்தால்கூட ‘இல்லை’ என்று முடிவு வந்துவிடும். உங்களுக்கு ‘செல்லாது’ வருகிறது என்றால் சரிபார்ப்பு வேலை செய்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுகூட வராத இடத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

ஸ்வாப் தீர்ந்துவிட்டது என்று மருந்துக்கடைப் பஞ்சுக் குச்சியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கிட்டில் வருவது நைலான் இழைகள் நெட்டுக்குத்தாக நிற்கும் ஸ்வாப், செல்கள் மேலேயே ஒட்டி நின்று ஆய்வகத்தில் திரவத்தில் போட்டதும் கழன்றுவிடும். பஞ்சு செல்லை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். மரக்குச்சியில் ஊறி வரும் பொருள் பிசிஆரையே கெடுக்கும்.

பதில் (சமுதாய சுகாதாரச் செவிலியர்)

செய்முறையைச் சொல்லும்போது ‘உள்ளே விடுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் ஆளுக்கொரு ஆழம் வைத்துக்கொள்வார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து இரண்டாவது மடிப்பு வரை, ஏறக்குறைய 5 செ.மீ., அவ்வளவு போக வேண்டும் என்று விரலைக் காட்டிச் சொல்லுங்கள். பல ஸ்வாபில் அந்த இடத்தில் ஒரு கோடோ பள்ளமோ இருக்கும். கோட்டைப் பிடித்துக்கொண்டு, விரல் உடம்பில் தட்டும் வரை விட்டால் போதும். கர்ப்பப்பை வாயைத் தொட வேண்டியதே இல்லை. இதைச் சொன்னாலே பாதிப் பேருக்குப் பயம் போய்விடும்: “குத்திடுமோ, உள்ளே மாட்டிக்குமோ” என்பதுதான் அவர்கள் வெளியே சொல்லாத பயம்.

திசையில் இன்னொரு தவறு நடக்கிறது. நேர் மேலாக விட்டால் முன்பக்கச் சுவரில் இடிக்கும், வலிக்கும், நிறுத்திவிடுவார்கள். பின்பக்கமாக, முதுகின் அடிப்பகுதியை நோக்கிச் சாய்த்து விட வேண்டும். குத்தவைத்து உட்கார்ந்தோ, ஒரு காலை முக்காலியில் வைத்து நின்றோ எடுக்கலாம். எடுக்கும்போது வாயைத் திறந்து மெல்ல மூச்சை விடச் சொல்லுங்கள், அடிவயிற்று இறுக்கம் தளரும். உள்ளே போனதும் சுவரில் படும்படி மெதுவாகச் சுற்ற வேண்டும். பல கிட்களில் 10 முதல் 30 விநாடி. சிலவற்றில் விநாடிக்குப் பதில் சுற்றுக் கணக்கு இருக்கும். உங்கள் உறையில் உள்ளதையே பின்பற்றுங்கள். அவசரத்தில் மூன்று விநாடியில் முடிந்துவிடுகிறது, அதனால் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

முன்னதாகக் கையைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். ஸ்வாப் நுனி கை, துணி, தரை எதிலும் படக்கூடாது. பட்டால் புதியது கொடுங்கள். அந்த மாத விலக்கு ரத்தம் முழுக்க நின்ற பிறகே எடுக்க வேண்டும். உள்ளே வைக்கும் மருந்து, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவது இரண்டையும் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். காப்பர்-டி இருந்தால் தடையில்லை. கர்ப்பிணிகளுக்கு ஸ்வாபைக் கொடுத்து அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

50 தாண்டியவர்களுக்கு எரிவது வறட்சியால். மாதவிலக்கு நின்ற பிறகு உள் தோல் மெலிந்துவிடும். வெளிப்புறத்தைச் சுத்தமான தண்ணீரால் நனைத்துக்கொள்ளலாம். ஸ்வாபில் எண்ணெயோ ஜெல்லோ தடவ வேண்டாம். எடுத்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அப்படியும் எடுக்க முடியாதவர்களை வற்புறுத்தாதீர்கள்.

இடமும் முக்கியம். துணை சுகாதார நிலையத்தில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு அறை, ஒரு முக்காலி, தண்ணீர், குப்பைக் கூடை, சுவரில் படம். வரிசை நிற்க வைக்காதீர்கள். வெளியே ஆள் காத்திருக்கிறது என்று தெரிந்தால் எந்தப் பெண்ணும் நிதானமாக எடுக்க மாட்டாள்.

கேட்டவர்

ரொம்ப நன்றி சிஸ்டர். விரல் அளவு உடனே உதவும். கர்ப்பப்பை எடுத்தவர்களும், அடி (கர்ப்பப்பை) இறங்கியவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கும் கொடுக்கலாமா? ‘இருக்கிறது’ என்று வந்தால் எப்படிச் சொல்வது?

பதில் (மகளிர் நோய் மருத்துவர்)

நம்பகத்தைப் பற்றி முதலில். பிசிஆர் முறையில் பார்த்தால், பெண் தானே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்த மாதிரியும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுபிடிப்பதில் ஏறக்குறைய சமம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த அலசல் இதைக் காட்டியது. வைரஸைப் பெருக்காமல் சமிக்ஞையை மட்டும் பெருக்கும் பழைய முறைகளில் சுய மாதிரி பின்தங்குகிறது. ஆகவே “யார் எடுத்தது” என்பதைவிட “எந்தக் கிட்” என்பதே பெரிய கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டுதலில் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையை முதன்மையாகப் பரிந்துரைத்தது. சுய மாதிரியையும் ஏற்கிறது. 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை. எச்ஐவி உள்ளவர்களுக்கு 25-இலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை.

உங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெரிய இடம் உண்டு. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் ‘வியா’ முறையை வைத்து இந்த மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு சுமார் 35 சதவீதம் குறைந்தது. 2009-இல் வெளியான மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் ஆய்வில், ஒரே ஒருமுறை எச்பிவி பரிசோதனை செய்த பிரிவில் இறப்பு ஏறக்குறைய பாதியானது. அங்கே மாதிரி எடுத்தவர்கள் பயிற்சி பெற்ற பணியாளர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பப்பையை வாயோடு முழுவதும் எடுத்தவர்களுக்கு, முன்பு புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லாதிருந்தால், இது தேவையில்லை. ஆனால் எதற்காக எடுத்தார்கள் என்று பலருக்குத் தெரிந்திருக்காது, டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். அடி இறங்கியவர்களை நேரில் பரிசோதிக்க அனுப்புங்கள், வெளியே வந்த பகுதியில் புண் இருக்கலாம். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு நீர் போவது: இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்வாப் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஸ்வாப் அறிகுறி இல்லாதவர்களுக்கானது. இந்த அறிகுறிகள் உள்ளவர்களை அந்த வாரமே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

‘இருக்கிறது’ என்று வந்தால் அது புற்றுநோய் அல்ல. பெரும்பாலான தொற்று இரண்டு ஆண்டுக்குள் உடம்பே விரட்டிவிடும். வருடக்கணக்கில் தங்குவதுதான் ஆபத்து. உலகளவில் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 வகைகளே காரணம். அவை வந்தவர்களுக்கு நேராகக் கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது. மற்ற வகைகளுக்கு வியா பார்த்து முடிவெடுக்கலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு வியா அவ்வளவு உதவாது, மாற்றம் நடக்கும் பகுதி உள்ளே ஒடுங்கிவிடும். அவர்களுக்கும் கால்போஸ்கோப்பியே நல்லது. சுய மாதிரியிலிருந்தே பாப் ஸ்மியரும் (செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை) பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அதற்குக் கர்ப்பப்பை வாயிலிருந்து நேராக எடுத்த செல் வேண்டும்.

இதையெல்லாம் முடிவு வந்த பிறகு சொல்லாமல் ஸ்வாபைக் கையில் கொடுக்கும்போதே சொல்லுங்கள். “பாசிட்டிவ் வந்தால் ஒருமுறை கீழே போய்க் காட்ட வேண்டியிருக்கும், யார் கூட வருவார்?” என்று அப்போதே கேட்டு வையுங்கள். கால்போஸ்கோப்பி எங்கே, எந்தக் கிழமை என்று கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். பூண்டு அறுவடை சமயத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலை இறங்குகிற பெண் அங்கே போய் ‘இன்று இல்லை’ என்று கேட்டுத் திரும்பினால், மறுபடி வர மாட்டாள். எத்தனை ஸ்வாப் கொடுத்தீர்கள் என்பதைவிட, பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை வரை போனார்கள் என்ற கணக்கையே எழுதி வையுங்கள்.

பதில் (ஆய்வகப் பக்கத்திலிருந்து)

பயணத்துக்கு: உலர் ஸ்வாபுக்கு ஐஸ் வேண்டாம். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தால் நீர் வியர்த்து உறை நனையும், ஈரம்தான் பூஞ்சைக்கு வழி. அறை வெப்பநிலையில் டிஎன்ஏ நன்றாகத் தாங்கும். எத்தனை நாள் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும், உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மலைக் குளிரால் கெடுதல் இல்லை. பார்க்க வேண்டியது வத்தலக்குண்டு வெயில்: இறங்கியதும் பஸ் இன்ஜின் மேலோ, நிறுத்திய ஜீப்பின் முன்கண்ணாடிப் பக்கமோ வைத்துவிடாதீர்கள். குழாயை இறுக்க மூடி, ஜிப் உறையில் போட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்புங்கள்.

பெயரை மூடியிலோ உறையிலோ எழுதாமல் குழாயின் மேலேயே எழுதுங்கள். பனி ஈரத்தில் பால்பாயிண்ட் அழிந்துவிடும், அழியாத மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும், அதனால் பெயரோடு வயது, கணவர் அல்லது தந்தை பெயர், பதிவு எண், மாதிரி எடுத்த தேதி எல்லாம் வேண்டும். தேதி இல்லாத குழாயைச் சில ஆய்வகங்கள் எடுக்காது.

‘செல்லாது’ வந்தவரிடம் எப்படி எடுத்தார் என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, இன்னொரு ஸ்வாப் கொடுங்கள். இரண்டாவதும் அப்படியே வந்தால் மூன்றாவது கொடுக்காதீர்கள். சிஸ்டரை வைத்து எடுத்து, குழாயில் ‘செவிலியர் எடுத்தது’ என்று குறித்து அனுப்புங்கள்.