16 வயசுப் பையனுக்கு ஸ்கூட்டி வாங்கலாமா? லைசன்ஸ் கிடைக்குமா?

ஈரோடு_அம்மா:
பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறானுங்க, போன மாசம்தான் 16 முடிஞ்சுது. டியூஷனுக்கு வண்டி வேணும்னு ஒரே அடம். கூடப் படிக்கிற பசங்க எல்லாம் வண்டியிலதான் வர்றாங்களாம், இவன் மட்டும் டவுன் பஸ்ஸாம். 16 ஆனா கியர் இல்லாத வண்டிக்கு லைசன்ஸ் குடுப்பாங்கன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க, நெசமாங்க? எங்க வீட்டுக்காரர் ஆக்டிவா பாக்கலாம்ங்கறாரு, எனக்குத்தான் மனசு ஒப்பல.

வக்கீல்_குமாஸ்தா:
பாதி நெசம்மா. 16 வயசுக்கு லைசன்ஸ் உண்டு, ஆனா இன்ஜின் 50 சிசிக்கு மேல இருக்கக் கூடாது. அந்தக் காலத்து டிவிஎஸ் 50 மாதிரி வண்டிக்குப் போட்ட சட்டம் அது, இப்ப ஷோரூம்ல அப்படி வண்டியே கிடையாது. ஆக்டிவா 110 சிசி, எக்ஸ்எல் கூட 100 சிசி கிட்ட வந்துருச்சு, எல்லாத்துக்கும் 18 ஆகணும். மீறி ஓட்டி மாட்டினா மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல கொண்டு வந்த 199ஏ பிரிவு இருக்கு. பெத்தவங்களுக்கு 25,000 ரூபா அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டியோட ஆர்சி ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசன்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னா அதை நீங்கதான் நிரூபிக்கணும். இதவிட பெரிய அடி இன்சூரன்ஸ்ல. யார் மேலயாவது இடிச்சுட்டா கம்பெனி அவங்களுக்குப் பணத்தைக் கட்டிட்டு உங்ககிட்ட வசூல் பண்ண கேஸ் போடலாம், அது லட்சக்கணக்குல போகும்.

சைக்கிள்காரன்:
எலக்ட்ரிக்ல 250 வாட்ஸுக்குள்ள, 25 கிமீ வேகத்துக்கு மேல போகாத வண்டிக்கு லைசன்ஸும் வேணாம் ரெஜிஸ்ட்ரேஷனும் வேணாம். பசங்க ஆமை வண்டின்னு கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டுமே.

ஈரோடு_அம்மா:
நன்றிங்க, அவரையும் படிக்கச் சொல்லிட்டேன். அந்த பேட்டரி வண்டி கடைக்காரங்க "ஸ்பீடு ஏத்தித் தர்றோம்"ங்கறாங்களே?

வக்கீல்_குமாஸ்தா:
அங்கதான் கவுத்துருவாங்க. ஸ்பீடு ஏத்திட்டா அந்த விலக்கு போச்சு, லைசன்ஸ் இல்லாம மோட்டார் வண்டி ஓட்டின கணக்குதான். வண்டி அந்த 250 வாட்ஸ், 25 கிமீ வரம்புக்குள்ளதான்னு சொல்ற டெஸ்ட் சர்டிபிகேட் காட்டச் சொல்லுங்க, மழுப்பினா வேற கடை பாருங்க.

மாமா_மெக்கானிக்:
18 ஆனப்புறம் எல்எல்ஆர் எடுத்தீங்கன்னாலும் அன்னைக்கே மெயின் ரோட்ல விட்ராதீங்க. எங்கிட்ட உடைஞ்சு வர்ற வண்டில முக்காவாசி சின்னப் பசங்க ஓட்டினதுதான், கேட்டா ஒண்ணு பின்னாடி ரெண்டு பேரு உக்காந்திருப்பான், இல்ல போன் பாத்திருப்பான், இல்லைன்னா வளைவுல மணல் இருக்கறப்ப முன் பிரேக்க மட்டும் நச்சுன்னு புடிச்சிருப்பான். ஞாயித்துக்கெழம காலைல காலியா இருக்கற ரோட்ல ரெண்டு பிரேக்கும் சேத்துப் புடிச்சு நிறுத்தப் பழகச் சொல்லுங்க, வேகமா போறத விட நிறுத்தறதுதான் கஷ்டம். பஸ்ஸுக்கு இடது பக்கமா நுழையற பழக்கம் வரவே கூடாது, டிரைவருக்கு அந்த இடம் தெரியாது. மொத ஆறு மாசம் பின்னாடி ஆள் வேணாம், ராத்திரி வேணாம். ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரை போட்டதா, தலைக்கு இறுக்கமா வாங்குங்க, ரோட்டோரம் 200 ரூபாய்க்கு விக்கறது போலீஸ்காரருக்குக் காட்டத்தான் ஆகும். பேட்டரி வண்டிக்கும் போடணும்ங்க, 25ல விழுந்தாலும் மண்டை மண்டைதான்.