'டிஸ்கஸ் அபவுட்' சொல்கிறவனை நிறுத்தித் திருத்தணுமா, வேண்டாமா?

பள்ளத்தூரான்: நேற்று இந்த இணையக் குழுவில் கந்தரப்பம் ஒரு தத்துவம் உதிர்த்துவிட்டுப் போனார். கூடப் படிக்கிறவர் ஆங்கிலம் பேசும்போது குறுக்கே புகுந்து திருத்தக் கூடாதாம். காரைக்குடியில் என் அறைத்தோழன், புதுவயல் பையன். வாய்மொழித் தேர்வுக்கு நான்தான் தயார்படுத்தினேன். 'வீ டிஸ்கஸ்டு அபவுட் தி ரிசல்ட்ஸ்' என்பான். டிஸ்கஸுக்குப் பின்னால் அபவுட் வராது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்கணுமா?

கந்தரப்பம்: இருக்கணும் அண்ணே. 'பற்றி' என்று தமிழில் நினைக்கிறான், அது அபவுட்டாக வந்து விழுகிறது. என் தோழி பேசி முடிக்கிறவரை நான் வாயைத் திறந்ததில்லை. எழுதிக் காட்டினால் மட்டும் பென்சில் எடுப்பேன். பக்கத்துக்கு 2 கோடு, அதுவும் பிழைக்கு அடியில். என்ன பிழை என்று அவளே முழித்து முழித்துக் கண்டுபிடிப்பாள்.

பள்ளத்தூரான்: கோடு கிடக்கட்டும் தங்கச்சி. அபவுட் வருமா, வராதா?

பர்மாப்பெட்டி: 'டிஸ்கஷன் அபவுட்' சரிதானே?

பள்ளத்தூரான்: அது பெயர்ச்சொல். நான் கேட்டது வினைச்சொல். படித்துவிட்டு வாங்க.

பர்மாப்பெட்டி: எங்க ஐயா ரங்கூனில் செட்டியார் வட்டிக்கடைகள் இருந்த மொகல் தெருவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் வேலை பழகும் எடுபிடியாகப் போனவர். கணக்கெல்லாம் தமிழ் எண்ணில்தான். அரைகுறை ஆங்கிலத்தை வைத்தே வெள்ளைக்காரன் பேங்க்கில் காரியம் முடித்துக்கொண்டு வந்தார். அபவுட்டை யாரும் எண்ணவில்லை, வட்டியைத்தான் எண்ணினார்கள்.

தேவகோட்டையாள்: பர்மாவை ஆரம்பித்தாச்சா! அடுத்து 1942-ல் ஜப்பான்காரன் படையெடுத்தபோது நடந்தே ஊர் திரும்பிய கதை வரும் பாருங்க.

பர்மாப்பெட்டி: வந்தால் என்ன? உங்க ஊர்க்காரங்க மட்டும் பல்லக்கிலா வந்தாங்க?

கந்தரப்பம்: பள்ளத்தூர் அண்ணே, அந்தப் பையன் இப்போது உங்களோடு ஆங்கிலம் பேசுகிறானா?

பள்ளத்தூரான்: அது வேறு விஷயம். நான் கையைத் தூக்கினாலே 'சாரி' என்று நிறுத்திவிடுவான், கூச்ச சுபாவம். ஆனால் போன வாரம் பேராசிரியருக்கு எழுதிய மெயிலில் 'டிஸ்கஸ் தி ரிசல்ட்ஸ்' என்று சுத்தமாக எழுதியிருந்தான். அபவுட் இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது?

கந்தரப்பம்: எழுத்தில்தானே வந்தது? நானும் அதைத்தானே சொல்கிறேன்!

பள்ளத்தூரான்: நீங்க சொன்னது திருத்தவே வேண்டாம் என்று.

தேவகோட்டையாள்: முன்கூட்டியே வைப்பதைச் சொல்கிற 'ப்ரீபோன்' ஆங்கிலமே இல்லை என்று போன மாதம் குதித்தது இவர்தானே? ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருப்பதைக் காட்டிய பிறகு ஆளையே காணோம்.

பள்ளத்தூரான்: பழைய பாக்கியை இங்கே வசூலிக்காதீங்க. எனக்குப் பரீட்சை இருந்தது. அபவுட்டுக்கு வாங்க.

கந்தரப்பம்: இதை உங்களோடு டிஸ்கஸ் அபவுட் பண்ண எனக்குத் தெம்பில்லை சாமி.

பள்ளத்தூரான்: வேண்டுமென்றே எழுதுறீங்க. பின்னால் அபவுட் வராது.

பர்மாப்பெட்டி: 1942 கதையை யாரோ கேட்டீங்களே, ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்.