நிலக்காட்சிப் பலகையின் மூலைகள் மேலெழுந்துவிட்டன. ஆற்றுக்கு ரெசின் ஊற்றுமுன் சரிசெய்ய இயலுமா?

மேசைத்தளபதி (கேள்வி):

28 மி.மீ. அளவுச் சிற்றுருவங்களை வைத்து மேசையில் விளையாடுவதற்காக, 60 செ.மீ. சதுரத்தில் ஒரு நிலக்காட்சிப் பலகையைச் செய்து வருகிறேன். அடியில் 3 மி.மீ. எம்டிஎஃப் (அழுத்திய மரநார்) பலகை, அதன்மேல் 20 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (அடர்ந்த பாலிஸ்டைரின்) நுரைப்பலகையைப் பிவிஏ எனும் வெள்ளை மரப்பசையால் முழுப்பரப்பிலும் ஒட்டி, ஒரு விளிம்பிலிருந்து எதிர்விளிம்பு வரை 6 மி.மீ. ஆழத்தில் ஆற்றுப்படுகையைக் குடைந்து, நீர் கலந்த பிவிஏ பூசி மணல் தூவியிருக்கிறேன். நுரைப்பலகையை ஒட்டியதற்கு மறுநாள் பலகையின் நடுப்பகுதி சற்றே புடைத்தது. மணற்பூச்சு காய்ந்தபின் அது தலைகீழாகி, இப்போது நடுப்பகுதி தாழ்ந்து, மூலைகள் நான்கும் மேசையை விட்டு ஏறத்தாழ 5 மி.மீ. எழுந்து நிற்கின்றன. இதைப் பிரித்தெடுக்காமல் சமன்செய்ய வழி உண்டா? அடுத்த கட்டமாகக் கறுப்பு ஸ்ப்ரே பிரைமர் (அடிவண்ணம்) அடித்து, பிறகு ஆற்றுநீர்போல் தோன்றுவதற்காகப் படுகையில் எபாக்ஸி ரெசின் (ஊற்றியபின் இறுகும் பிசின்) ஊற்ற எண்ணியிருக்கிறேன்.

பசைவினைஞர்:

முதலில் புடைத்து, பிறகு குழிந்தது என்று நீங்கள் குறிப்பிட்டதிலேயே காரணம் இருக்கிறது. பிவிஏ பசை இறுகுவதற்கு அதிலுள்ள நீர் வெளியேற வேண்டும். எக்ஸ்பிஎஸ் நீரை உறிஞ்சாது என்பதால், இரண்டு பலகைகளுக்கும் நடுவே அகப்பட்ட நீர் முழுவதும் எம்டிஎஃப்பின் மேல்முகத்துக்குள் இறங்கி அதன் நார்களை ஊதச் செய்திருக்கிறது. மேல்முகம் மட்டும் விரிந்ததால் நடுப்பகுதி புடைத்தது. அதன்பின் மணலோடு சேர்ந்த பிவிஏ படலம் காயும்போது சுருங்கி, மேற்பரப்பை உள்நோக்கி இழுத்திருக்கிறது. அடிமுகத்தில் அதை எதிர்த்து இழுக்க எதுவும் இல்லாததால் மூலைகள் எழுந்துவிட்டன.

ஆகவே அடிமுகத்துக்கும் அதே இழுவிசையைக் கொடுத்துப் பாருங்கள். பலகையைத் தடித்த நுரைமெத்தையின் மீது கவிழ்த்து வைத்து, சம அளவு நீர் கலந்த பிவிஏவை அடிமுகம் முழுவதும் ஒரே சீராகப் பூசுங்கள். ஈரம் ஏறும்போது வளைவு இன்னும் கூடுவதுபோல் தோன்றும். அதைக் கண்டு நிறுத்திவிட வேண்டாம், காயும்போதுதான் படலம் சுருங்கிப் பலகையை மறுபக்கம் இழுக்கும். தொடுவதற்குக் காய்ந்ததும் நிமிர்த்தி, சமமான தளத்தில் வைத்து மூலைகளின் மீது கனம் ஏற்றுங்கள். வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வைத்து விரைவுபடுத்தினால் ஒரு முகம் முந்திக் காய்ந்து மீண்டும் வளையும்.

அதற்குமுன் ஒன்றைச் சோதித்தாக வேண்டும். மெல்லிய கத்தியை நுரைக்கும் எம்டிஎஃப்புக்கும் இடையே செருகிப் பாருங்கள். விளிம்பில் காய்ந்திருந்தாலும், இப்படி மூடப்பட்ட பரப்பின் நடுவில் பிவிஏ பல நாள்கள் ஈரமாகவே கிடப்பதுண்டு. அப்படியிருந்தால் இப்போது எதைச் செய்தாலும் நிலைக்காது.

மேசைத்தளபதி:

மிக்க நன்றி. கத்தியைச் செருகியபோது விளிம்பிலிருந்து சுமார் 10 செ.மீ. உள்ளே பசை இன்னும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது.

குன்றமைப்போன்:

பசைவினைஞர் கூறிய காரணத்தில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, தீர்வில்தான் உண்டு. 3 மி.மீ. எம்டிஎஃப் இந்தப் பரப்புக்கு மிக மெல்லியது. பூச்சினால் இன்று நிமிர்ந்தாலும், காற்றில் ஈரப்பதம் மாறும் பருவத்தில் அது மறுபடியும் அசையும். மேலும், நடுவில் பசை இறுகவில்லை என்பது உங்களுக்கு ஒரு வாய்ப்பு: மெல்லிய நைலான் நூலை ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்தால் நுரைப்பலகை சேதமின்றிப் பிரிந்து வரும். அதன்பின் 9 மி.மீ. பிளைவுட்டை எடுத்து, இருமுகங்களையும் விளிம்புகளையும் வார்னிஷால் அடைத்துக் காயவிட்டு, நுரையை அதில் நீர் கலவாத, பாலிஸ்டைரினைக் கரைக்காத கட்டுமானப் பசையால் ஒட்டுங்கள். எம்டிஎஃப்பையே வைத்துக்கொள்வதானால், அடியில் மரச்சட்டங்களால் ஒரு சட்டகமும் குறுக்குச்சட்டமும் ஒட்டி, பசை இறுகும்வரை கனம் ஏற்றி வையுங்கள். அவ்வளவு மெல்லிய பலகையில் திருகாணி பிடிக்காது.

ஸ்ப்ரே பிரைமரை மட்டும் தயவுசெய்து அப்படியே அடித்துவிடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான்கள் பாலிஸ்டைரினை அரித்துவிடும். தெர்மாகோலுக்கு நேர்வதுதான் எக்ஸ்பிஎஸ்ஸுக்கும் நேரும். மணல் மூடியிருப்பதை நம்ப இயலாது, ஏனெனில் மணிகளுக்கு இடையிலும், பாறைபோல் செங்குத்தாகச் செதுக்கிய ஆற்றங்கரையிலும் நுரை வெளிப்பட்டே இருக்கும். கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைப் பிவிஏவுடன் கலந்து தூரிகையால் இருமுறை பூசினால் அடிவண்ணமும் காப்பும் ஒருங்கே கிடைக்கும். அதற்குப்பின் ஸ்ப்ரே தேவையே இல்லை என்பது என் கருத்து.

பசைவினைஞர்:

நடுவில் ஈரம் இருக்கும் நிலையில் குன்றமைப்போன் சொல்வதே சரி. பிரித்துவிடுங்கள், அடிமுகப் பூச்சு இங்கே உதவாது. மீண்டும் ஒட்டுமுன் நுரையின் அடியிலுள்ள பழைய பசையை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

நீர்நிலைப்பிரியர்:

ரெசினைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. எபாக்ஸி தானாகவே மட்டம் தேடிக்கொள்ளும் என்பதால், இந்த வளைவோடு 6 மி.மீ. ஆழப் படுகையில் ஊற்றினால் நடுவில் கரை வழிந்தோடும். இரு முனைகளிலோ படுகை ஏறத்தாழ வறண்டே கிடக்கும். எனவே பலகை நேரானபின், ரசமட்டம் வைத்து இரு திசைகளிலும் சரிபார்த்த பிறகே ஊற்றுங்கள்.

ரெசின் பிசுபிசுப்பாகவே நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் கலவை விகிதமே காரணம். ரெசினும், அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் ஒரே அடர்த்தியுடையவை அல்ல. புட்டியில் 2:1 என்பது கன அளவைக் குறித்தால், அதையே தராசில் எடைபோட்டுக் கலப்பது பிழையாகும். கோப்பையின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிக் கலக்கி, வேறொரு கோப்பைக்கு மாற்றி மீண்டும் கலக்குங்கள். ஒரே மூச்சில் 6 மி.மீ. நிரப்பாமல், 2 அல்லது 3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றுங்கள். இறுகும்போது ரெசின் வெப்பத்தை வெளியிடும். தடித்த அடுக்கில் அவ்வெப்பம் தேங்கும், எக்ஸ்பிஎஸ்ஸோ 75 டிகிரி செல்சியஸ் அளவைத் தாண்டினால் உருக்குலையத் தொடங்கும்.

மணற்படுகையை முன்னதாக வார்னிஷால் முழுவதும் அடைத்துவிடுங்கள். இல்லையெனில் மணலிடையே உள்ள காற்று குமிழ்களாக மேலே வந்துகொண்டே இருக்கும். ஆறு பலகையின் விளிம்பைத் தொடும் இரண்டு இடங்களிலும் பிளாஸ்டிக் தகட்டை வைத்து, இணைப்பைச் சிலிக்கோனால் அடையுங்கள். வெறும் டேப் மட்டும் ஒட்டினால், தலைமயிர் அளவு இடைவெளி கிடைத்தாலும் இரவோடிரவாக ரெசின் கசிந்துவிடும். நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

மேசைத்தளபதி:

நைலான் நூலால் நுரைப்பலகை முழுதாகப் பிரிந்துவிட்டது. பிரித்தவுடனேயே அதன் வளைவு பாதியாகக் குறைந்தது. எஞ்சிய வளைவைப் பிளைவுட்டில் கனம் ஏற்றி ஒட்டும்போது அடக்கிவிடலாமா, அல்லது அதைத் தனியே நிமிர்த்த வேண்டுமா?

குன்றமைப்போன்:

20 மி.மீ. நுரைக்கு 9 மி.மீ. பிளைவுட்டை வளைக்கும் வலு கிடையாது, அடக்கிவிடலாம். பசை முழுமையாக இறுகியபின் கனத்தை எடுத்துவிட்டு, ஒரு வாரம் அப்படியே வைத்து நேர்விளிம்புள்ள அளவுகோலால் மூலைவிட்டங்களைச் சோதியுங்கள். அசையாமல் இருந்தால் வண்ணம் பூசத் தொடங்கலாம்.