டச்சு மாமியாரின் 97 வருட வாழ்க்கையை எழுத வேண்டும், எங்கே தொடங்குவது?

ஒன்டாரியோ_மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவரின் அம்மா போன இலையுதிர் காலத்தில் தவறிவிட்டார். 1927இல் ரோட்டர்டாமில் பிறந்தவர். 1952இல் கல்யாணமான கையோடு கப்பலேறி ஹாலிஃபாக்ஸில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஒன்டாரியோவின் சாட்டம் பக்கம் வந்திருக்கிறார்கள். முதலில் பண்ணைக் கூலி, அப்புறம் குத்தகை, அப்புறம் சொந்தப் பண்ணை, ஏழு பிள்ளைகள். அவர் வாழ்க்கையை எழுதி அச்சடித்துக் குடும்பத்துக்குள் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்து, எழுதுகிற பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள். எனக்கு டச்சு தெரியாது, ஆனால் கடைசி வருடங்களில் அவரோடு அதிகம் இருந்தவள் நான்தான்.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் இருக்கிற காகிதங்கள் எல்லாமே மாமாவைப் பற்றியவை. யாரிடம் வேலை செய்தார், எந்த வருடம் நிலம் வாங்கினார், எந்த டிராக்டர், எல்லாம் இருக்கிறது. மாமியார் வருகிற இடத்தில் "மனைவி" என்று மட்டும் இருக்கும். பிள்ளைகளிடம் கேட்டால் நல்ல அம்மா, நன்றாகச் சமைப்பார், தேவாலயத்துக்குத் தவறாமல் போவார் என்கிறார்கள், அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. போரைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பீட் கிழங்கு வேகிற வாசனை வந்தால் மட்டும் சமையலறையை விட்டு எழுந்து போய்விடுவார். இத்தனைக்கும் இங்கே வந்த முதல் இரண்டு கோடையும் சர்க்கரை பீட் வயலில் களை கொத்தியவர், மூத்த பிள்ளையை வரப்பு ஓரத்தில் ஆப்பிள் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டு.

இதை எப்படி எழுதுவது? குடியேறிகளின் வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஏடு:

சகோதரி, அந்த பீட் வாசனையிலேயே தொடங்கலாம், உங்களிடம் பெரிய விஷயம் இருக்கிறது. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தில் ரயில்வே ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள், பதிலுக்கு, நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள், தடை தளர்ந்த நேரம் பார்த்துக் கால்வாய்கள் உறைந்துபோய்ப் படகும் ஓடவில்லை. ரோட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம், ஹேக் எல்லாம் பட்டினி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைய பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. மக்கள் துலிப் கிழங்கையும் சர்க்கரை பீட்டையும் வேக வைத்துத் தின்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் 20,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். அப்போது உங்கள் மாமியாருக்குப் பதினேழு வயது. எட்டு வருடம் கழித்து, கையில் களைக்கொட்டோடு அதே பீட் வயலில் வந்து நிற்கிறார். அவர் பேசாமல் விட்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

1940 மே 14 அன்று ஜெர்மானியர்கள் நடத்திய குண்டுவீச்சையும் விட்டுவிடாதீர்கள். ரோட்டர்டாமின் பழைய நடுப்பகுதி எரிந்தே போனது. தீ எங்கே வரை பரவியது என்பதை இன்றைக்கும் அந்த ஊர் நடைபாதையில் விளக்கு பதித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் பிறந்த தெரு எது என்று தெரிந்தால், வீடு அந்தக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்த்துவிடலாம்.

ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு: போர் முடிந்த பிறகு அங்கே கடுமையான வீட்டுத் தட்டுப்பாடு, புதுத் தம்பதிகள் பெற்றோர் வீட்டில் ஒரு அறையில் குடித்தனம் நடத்தினார்கள். நிலமும் கிடைக்கவில்லை. அரசாங்கமே பயணத்துக்கு உதவி செய்து அனுப்பியது, 1952தான் உச்சம். பணம் வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்ததால் சேமிப்பையெல்லாம் பொருளாக மாற்றி ஒரு பெரிய மரப்பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். தையல் இயந்திரம், கம்பளி, சைக்கிள், கட்டில், அடுப்பு வரைக்கும். அந்தப் பெட்டி கடைசியில் கோழிக்கூடாக மாறிய வீடுகள் நிறைய. உங்கள் வீட்டுப் பெட்டி என்ன ஆனது என்று மூத்த பிள்ளையிடம் கேளுங்கள்.

இன்னொன்று, எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அவர் கிளம்பிய வருடத்தில், டச்சுச் சட்டப்படி கல்யாணமான பெண் கணவர் சம்மதம் இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்க முடியாது, ஒப்பந்தம் போட முடியாது. அந்தச் சட்டம் 1956இல்தான் மாறியது. கனடாவிலோ 1945 முதல் குழந்தைகளுக்கான மாத உதவித்தொகைக் காசோலை பெரும்பாலும் தாயின் பெயரிலேயே வந்தது, பிள்ளையின் வயதுக்கேற்ப 5 முதல் 8 டாலர் வரை. ஏழு பிள்ளைகள் என்றால் யோசித்துப் பாருங்கள், தன் பெயர் போட்டு வந்த முதல் பணம் அவருக்கு அதுவாகவே இருந்திருக்கலாம். அதை வைத்து என்ன வாங்கினார்? பெண் பிள்ளைகளுக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

கடல்_தாண்டி:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: அவருக்கு வர விருப்பம் இருந்ததா?

பல வீடுகளில் முடிவு ஆணுடையது, கூடவே போவது பெண்ணுடையது. ஆண் வயலில் நாலு பேரோடு பழகி ஆங்கிலம் பிடித்துக்கொள்வான், இவள் பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாத பண்ணையில், ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் கைக்குழந்தையோடு இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், அது முடிந்து யாராவது வீட்டில் காபி, வாரம் முழுவதற்கும் அவளுடைய மொழி அந்தச் சில மணி நேரம்தான். "தவறாமல் போவார்" என்று பிள்ளைகள் சொல்வதில் பக்தியோடு இதுவும் சேர்ந்திருக்கும். தயவுசெய்து அவரைத் தியாகச் செம்மலாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அழுதிருப்பார், கோபப்பட்டிருப்பார், திரும்பிப் போகவும் நினைத்திருப்பார். அதுவும் அவர்தான்.

அப்புறம், அவர் எழுதிய எதுவும் வீட்டில் இல்லை என்று கவலைப்படாதீர்கள். தொலைபேசிக்குக் காசு கட்டுப்படியாகாத காலம் அது, எல்லாமே கடிதம்தான். அவருக்கு வந்த கடிதம் உங்கள் வீட்டில் இருக்கும், அவர் எழுதினது அங்கே யாருடைய அலமாரியிலோ இருக்கும். கூடப்பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், யாராவது?

இரவுப்பணி:

நான் ஒன்டாரியோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அக்கா, உங்கள் மாமியாருக்குக் கடைசியில் ஞாபக மறதி இருந்ததா? மறதி நோய் வரும்போது பின்னால் படித்த மொழி முதலில் கழன்றுபோவதை நிறைய பேரிடம் பார்த்திருக்கிறேன். அறுபது வருடம் ஆங்கிலம் பேசினவர் டச்சிலேயே பேசுவார், சொந்தப் பிள்ளைகளுக்கே விளங்காது. ஒன்டாரியோவின் பிராம்ப்டனில் டச்சுச் சமூகத்தார் தொடங்கிய முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. அப்படி ஏதாவது அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால், கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, டச்சு தெரிந்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ பாட்டோ வரலாம்.

ஒன்டாரியோ_மருமகள்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. கேட்டதில் ஒவ்வொன்றாகப் பதில் வருகிறது. மரப்பெட்டி கோழிக்கூடு ஆகவில்லை, முதல் வீட்டில் கூடுதல் அறையாகச் சாய்த்துக் கட்டி அதில் இரண்டு பிள்ளைகள் தூங்கினார்களாம். உதவித்தொகைக் காசில் குளிர்காலச் சப்பாத்து வாங்குவார், மிச்சத்தை மாவு டப்பாவில் வைப்பார், மாமாவுக்குக் கூடத் தெரியாது என்று இரண்டாவது நாத்தனார் சொன்னார். பல வருடம் சேர்த்த அந்தக் காசில்தான் ஒருமுறை தனியாக ஊருக்குப் போய் வந்திருக்கிறார். அவர் விருப்பத்தோடு வந்தாரா என்று கேட்டபோது மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இரவுப்பணி தங்கச்சி, ஆம், கடைசி ஒன்றரை வருடம் டச்சுதான். எழுதி வைக்கிறேன். மாமியாருடைய தங்கையின் மகள் ஒருத்தி நெதர்லாந்தில் இருக்கிறாள், அவளிடம் ஒரு பெட்டி நிறைய நீலக் கடிதங்கள் இருக்கிறதாம்! படமெடுத்து அனுப்பலாமா என்று கேட்கிறாள்.

பழைய_ஏடு:

உடனே சரி சொல்லுங்கள். சில குறிப்பு மட்டும்: அந்த நீல வான்கடிதத் தாளில் ஓரத்திலும் மடிப்பிலும் கூட எழுதியிருப்பார்கள், அதனால் முழுதாக விரித்து இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே தேதி போடாவிட்டாலும் தபால் முத்திரையில் இருக்கும். எடுத்த வரிசையிலேயே எண் போடட்டும், கலைத்து அடுக்க வேண்டாம்.

பதிவேடு தேடும்போது அவருடைய பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள், டச்சுப் பதிவுகளில் பெண் சாகும் வரை அந்தப் பெயரில்தான் இருப்பார், கனடாக் காகிதங்களில்தான் கணவர் பெயருக்குள் மறைந்துபோவார். பிறப்புப் பதிவு நூறு வருடம், திருமணப் பதிவு 75 வருடம் கழித்துத்தான் பொதுவில் திறக்கும், ஆகவே இரண்டுக்கும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவு இப்போதே இணையத்தில் கிடைக்கலாம், அதில் தாத்தா பாட்டி பெயரும் தொழிலும் கூட இருக்கும்.